திருப்பி மாட்டிய சக்கரம்

விரலால் சுண்டினால் ஒவ்வொரு கம்பியும் ஒரு சத்தம் கொடுக்கும். டிங்... டிங்...

டவுன் பஸ்ஸில் மடியில் சக்கரத்தை வைத்துச் சுண்டிக்கொண்டே வந்தாள் ரிஸ்வானா. என் க்ளாஸ்மேட். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"மிச்ச சைக்கிள் எங்க பாப்பா?"

காலேஜ் கடைசி வருஷம். எங்கள் சைக்கிள் க்ளப்புக்கு ஒரு ட்ரூயிங் ஸ்டாண்ட் வாங்கவேண்டும். சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டுக் கோட்டம் எடுக்கிற ஸ்டாண்ட். இரண்டு பக்கமும் இரண்டு முள், நடுவில் ரிம். இரண்டு இடைவெளியிலும் ஒரே அளவு வெளிச்சம் தெரிந்தால் சக்கரம் நேர்.

ஸ்டாண்ட் வாங்கச் சக்கரம் எதற்கு என்று கேட்டேன்.

"கால் இல்லாம செருப்பு வாங்குவியா?"

அது அவள் கம்பி கோத்துக் கட்டிய முதல் சக்கரம். சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, பிரேக் கட்டையை வைத்தே அளந்து கட்டியது. மறுநாள் கல்லணை ரைடு. இதில்தான் வருவேன் என்றாள். க்ளப் கேப்டன் சுந்தர் விடவில்லை. ஸ்டாண்டில் நேராக நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான்.

மூன்று பேரும் போனது மலைக்கோட்டைக்குக் கீழே, சந்துக்குள் ஒரு கடைக்கு. இரண்டு ஸ்டாண்ட் இருந்தன. ஒன்று கறுப்பு. மடக்கலாம், தூக்கலாம், அழகு. இன்னொன்று சாம்பல் நிறம். இரும்பு. கனம்.

சுந்தர் பார்த்ததுமே கறுப்புக்கு விழுந்துவிட்டான். அதில் சக்கரத்தை மாட்டினோம்.

ரிம் ஆடவில்லை. ஆனால் மொத்தமாக இடது பக்கம் ஒதுங்கி ஓடியது. இடது முள்ளை உரசியது. வலது பக்கம் ஒரு விரலே போகும்.

"கல்லணைன்னு கிளம்பினா இது உறையூர்ல போய் நிக்கும்," என்றான் சுந்தர்.

"பரவாயில்லம்மா. பிரிச்சுக் கட்டிக்கலாம்," என்றார் கடைக்காரர்.

அவள் சக்கரத்தைக் கழற்றினாள். கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

அப்படியே பக்கம் மாற்றி, திருப்பி மாட்டினாள். சுற்றினாள்.

மறுபடியும் இடது பக்கம்.

"தப்பு சக்கரத்துலன்னா, இப்ப வலது பக்கம்ல ஒதுங்கியிருக்கணும்?" மெதுவாகத்தான் கேட்டாள். "ஒதுங்கியிருக்கிறது ஸ்டாண்ட்."

கடைக்காரரே சாம்பல் ஸ்டாண்டைத் தூக்கி வைத்தார்.

மாட்டினாள். நடுவில். திருப்பி மாட்டினாள்.

நடுவில்.

ஓங்கிச் சுற்றிவிட்டாள். கம்பிகள் மறைந்தன. ரிம் மட்டும் ஒரு வெள்ளிக் கோடு மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் இரண்டு கீற்று வெளிச்சம், அசையாமல். வெளியே ஹாரன், ஜவுளிக்கடைக் கூச்சல், மொத்த பஜாரும். உள்ளே இவ்வளவு வேகமாக ஒன்று சுற்றுகிறது... ஒரு சத்தம் இல்லை. நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகம் இல்லை.

"சரி தாயே," என்றான் சுந்தர். "கல்லணைக்கே போவோம்."

போனோம். அதே சக்கரத்தில்தான் வந்தாள்.

இப்போது க்ளப் இல்லை. சுந்தர் கல்யாணப் பத்திரிகை கொடுத்ததோடு காணாமல் போனான். ரிஸ்வானா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறாள். அவள் விட்டுப்போன சக்கரமும் அந்தச் சாம்பல் ஸ்டாண்டும் ஸ்ரீரங்கத்தில், என் அறையில். ஸ்டாண்டின் இரண்டு கையிலும் என் ஆபீஸ் சட்டைகள் காய்கின்றன.

அன்று ஒரே ரிம்மின் மேல் மூன்று தலைகள் குனிந்திருந்தன. இன்று எப்போதாவது ஒரு வீடியோ கால்.

போன வாரம் பார்த்துவிட்டாள். "அடப்பாவி, அதுலயா சட்டை? எடுடா. சக்கரத்தை மாட்டு."

மாட்டினேன். போனை ரிம்முக்கு நேராகப் பிடித்து, சுற்றிவிட்டேன்.

ரிம் மறுபடியும் ஒரு வெள்ளிக் கோடாக, அசையாமல் நின்றது.

"என்னடா... வீடியோ நின்னுடுச்சா?"

"இல்ல. சுத்திக்கிட்டுதான் இருக்கு."