அக்காவிடம் சொல்லாத பாதி

அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. அதனால் திருகோணமலைக் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அவரது மார்பிலிருந்து எடுத்த சதைத்துண்டின் பரிசோதனை முடிவை டொக்டர் என்னிடம் விளக்கினார். புற்றுநோய்க் கலங்கள் பால்குழாய்க்குள்ளேயே நிற்கின்றன, சுவரை இன்னும் உடைக்கவில்லை. ஆனால் வேகமாக வளரும் வகை, ஒப்பரேஷன் கட்டாயம் என்றார்.

புற்றுநோய் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

"பயப்பிடாதேங்கோ அக்கா, ஒரு இடமும் பரவேல்லையாம்."

அக்கா நிம்மதியாக எழும்பினார். "அப்ப ஒண்டும் செய்யத் தேவையில்லைத்தானே? வா, நிலாவெளி பஸ்ஸைப் பிடிப்பம்."

டொக்டர் என்னையே பார்த்தார். என் கண் கலங்கியது. அதைக் கண்ட அக்கா திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"மிச்சத்தையும் சொல்லு. இது என்ர உடம்படி."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பரேஷனும் நல்லபடி முடிந்தது. ஆனால் இன்றும் கிளினிக்கில் டொக்டர் கதைக்கும்போது, அக்கா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.