இஸ்திரி போட்ட பங்குப் பத்திரம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் தையல் பிரிவில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அப்படி அவள் பிடித்துக்கொண்டது, பழைய உடுப்புக் கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களை. எப்போதோ மூடிப்போன சட்டைக் கம்பெனி, மழைக்கோட்டுக் கம்பெனி, காலுறைக் கம்பெனி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாள் முழுக்கக் காலர் தைக்கிறவளுக்கு அவையெல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி.

கணவர் அதே தொழிற்சாலையில் இஸ்திரி மாஸ்டர். "செத்துப்போன கம்பெனிக்கெல்லாம் நீதான் வாரிசா?" என்று சீண்டுவார். பத்திரங்களை அவள் அடுக்கிவைத்திருந்த அலமாரியை அவர் ஒருநாளும் திறந்துகூடப் பார்த்ததில்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது.

சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சியில் இந்த முறை அவளுக்கும் ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள். காலர் மட்டுமே தயாரித்த ஒரு கம்பெனியின் பத்திரம் இல்லாமல் அந்தச் சுவரை நிரப்ப அவளுக்கு மனமில்லை. கடை கடையாய் ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் அது அகப்பட்டது. நான்காய் மடித்து, கோடு விழுந்து கிடந்தது.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கணவர் அதை மேசைமேல் விரித்து, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப்பெட்டியை ஓட்டி முடித்திருந்தார்.

"பாரு, ஒரு சுருக்கம் இருக்கா? நாலு பேர் பாக்கற எடத்துல கசங்கலா வெச்சா நல்லாவா இருக்கும்?" முகமெல்லாம் சிரிப்பு.

மடிப்பு போயிருந்தது. கம்பெனி முத்திரையும் போயிருந்தது. மையில்லாமல், காகிதத்தை அழுத்தியே எழுப்பிய முத்திரை அது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்த மேட்டைத்தான். இப்போது வெறும் வழவழப்பு.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவும் செய்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதாம்மா" என்றார் கணவர், முகம் சுண்டிப்போய். அவள் கோபம் பாதியிலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் அவளுடைய பத்திரம் ஒன்றைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

கண்காட்சிக் கூடத்தில் சங்கச் செயலாளர் அதைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "இதை மாட்டாதீங்கம்மா. இதே பத்திரம் முத்திரையோட என்கிட்ட இருக்கு, இரவல் தரேன். இதைப் பாத்தா சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும் சார். இதைத்தான் மாட்டுவேன்."

ஒற்றைக்காலில் நின்றாள். செயலாளர் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். வரவே மாட்டேன் என்ற கணவரையும் இழுத்து வந்து பத்திரத்தை மாட்டிய கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

பார்க்க வந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, "முத்திரை எங்க?" என்றார். கணவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"தேய்ச்சதுல போயிடுச்சு. தேய்ச்சவர் இவர்தான், எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள், குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல்.

கணவர் மெல்ல நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரத்தின் மூலையில் அச்சிட்டிருந்த சின்னப் படத்தைக் காட்டினார். "இங்க மெஷின்ல ஒரு பொம்பள உக்காந்திருக்கா பாருங்க சார். காலர் தைக்கறப்ப இவளும் இப்படித்தான், கழுத்த ஒரு பக்கமா சாய்ச்சுக்குவா."

அந்தப் படத்தை அவளே அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.