குகைக் கறுப்பு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மாமா அலுமாரியைத் திறந்தார். மேல்தட்டில் அவர் செய்துவைத்த சின்ன ரயில் வேகன் இல்லை. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். சட்டைப்பை மணிக்கூட்டை அப்போதுதான் பார்த்துவிட்டு, "மூணு இருவது. இந்நேரம் காஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருந்தார்.

எனக்கு இப்போது மூன்று பிள்ளைகள். கடைசி மகன் பள்ளிக்கூடம் விட்டு வரச் சற்றுப் பிந்தினாலும் நான் தெருவுக்கு இறங்கிவிடுகிறேன். மூத்தவள் என்னைப் போலவே கழுத்தை நீட்டி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்து நடித்துக் காட்ட, மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மூன்று இருபது அவர்களுக்குத் தெரியாது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாவலப்பிட்டியைத் தாண்டி மலையேறும் ரயில் பாதைக்குக் கீழே எங்கள் வீடு இருந்தது. அப்பா ரயிலில் பயர்மேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. அம்மாவின் தம்பியான மாமா கண்டி நகரத்தில் ஒரு படம்பிடிக்கும் கடையில் உதவியாளராக இருந்தார். சனிக்கிழமை கோச்சியில், அதாவது ரயிலில், எங்கள் வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை திரும்பிப் போவார்.

அந்தக் கடையின் பின்னறையில் ரயில் பாதை போட்ட காலத்தில் பிடித்த படங்களின் கண்ணாடித் தகடுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தனவாம். அவற்றில் ஒன்றை மாமா அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். தேயிலை ஏற்றும் பழைய சரக்கு வேகன் ஒன்று தனியாக நிற்கிறது. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வேகனின் கூரையிலிருந்து கறுப்பு, மழைநீர் ஓடியதுபோலக் கீழே வழிந்திருக்கிறது. அந்த வேகனை அப்படியே சிறிதாகச் செய்துவிட வேண்டும் என்று மாமாவுக்கு ஓர் ஆசை பிடித்தது. செய்து முடித்தால் கடைக் கண்ணாடிக்குள் படத்தோடு சேர்த்து வைப்பதாக முதலாளியும் சொல்லியிருந்தார்.

படத்தில் அளவு எழுதியிருக்கவில்லை. தலைப்பாகைக்காரரின் உயரம் அப்பாவின் உயரம்தான் என்று மாமா முடிவுகட்டினார். அப்பாவைச் சுவரோடு நிறுத்தி அளந்து, அதைக் கொண்டு வேகனின் நீளத்தையும் சக்கரத்தின் வட்டத்தையும் கணக்குப் பார்த்தார்.

"தலப்பா சேத்தா, சேக்காமலா?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்டாள்.

"சும்மா இரு அக்கா, கணக்கு தப்பிடும்."

சுருட்டுப் பெட்டிப் பலகையில் உடல், பிஸ்கட் தகரத்தில் கூரை, குடைக்கம்பியில் அச்சு, நூற்கட்டையை அறுத்துச் சக்கரம். ஆணிக் குமிழ்களுக்குக் குண்டூசித் தலைகள். முடிந்தபோது அது கடையில் வாங்கும் ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவு இருந்தது. வர்ணம் பூசியதும் நாங்கள் கைதட்டினோம். மாமா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"இது வேலைக்குப் போன பெட்டி இல்ல. மாப்பிள்ள ஊர்வலத்துக்குப் போற பெட்டி."

பிறகுதான் பெரிய வேலை தொடங்கியது. புதிதைப் பழசாக்குவது. செய்ததைவிடக் கெடுப்பதற்குத்தான் அவருக்கு அதிக நாள் பிடித்தது. பழைய ஆணிகளை வினாகிரியில் ஊறப்போட்டுத் துரு எடுத்தார். தேயிலைச் சாயத்தால் பலகையை மங்கவைத்தார். விளக்குச் சிமினியைச் சுரண்டி, அந்தக் கரியை மண்ணெண்ணெயில் குழைத்துக் கோழி இறகால் தடவினார். துரு சரியாக வந்தது. மங்கலும் வந்தது. கறுப்புதான் வரவில்லை. படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், வேகனைப் பார்ப்பார், துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

ஞாயிறு காலையில் கடைசித் தடவையாகப் பூசி அலுமாரியில் வைத்துவிட்டு அவர் அம்மாவிடம் சொன்னார்: "வெளக்குக் கரி வேற, கொகைக் கரி வேற அக்கா. கொகைக்குள்ள போய் வந்தாத்தான் இந்தக் கறுப்பு ஏறும். வீட்டுல வச்சு வராது."

குகை என்று நாங்கள் சொன்னது ரயில் போகும் சுரங்கத்தை. எங்கள் வீட்டுக்கு மேலே, பாதை இரண்டாவது தடவை வளையும் இடத்தில் இருந்தது. அதைப் பற்றி அப்பா முன்பு ஒருநாள் சொன்ன கதையும் எங்களுக்குத் தெரியும். உள்ளே கோச்சி வந்துவிட்டால் லைன் வேலைக்காரர்கள் ஒதுங்கி நிற்பதற்குச் சுவரில் மாடம் வைத்திருக்கிறார்கள், அதற்குள் நின்றால் ஒன்றும் ஆகாது என்றார். மாமா சொன்னதும் உண்மை, அப்பா சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைக்க ஆறு வயதுத் தங்கச்சி ஒருத்தி வீட்டில் இருந்தாள் என்பதை இருவரும் நினைக்கவில்லை.

"வேகன எடுத்தியா பெரியவளே?" என்று மாமா என்னைக் கேட்டார்.

நான் இல்லை என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "தங்கச்சி எங்கடி?"

அப்போதுதான் நான் பின்கதவைப் பார்த்தேன். மழைக்குத் தலையில் மடித்துப் போடும் சாக்குக் கொங்காணி ஆணியில் இல்லை. வெளியே நல்ல வெயில்.

"கொங்காணியப் போட்டுக்கிட்டுப் போயிருக்கா" என்றேன். "சட்ட அழுக்காகிடும்னு சொன்னா. மேல போற கூட்ஸ் எத்தன மணிக்குன்னு கேட்டா."

மாமாவின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். இரத்தம் இறங்குவது என்று சொல்வார்களே, அதை உண்மையாகவே கண்ணால் பார்க்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். அவர் செருப்பில்லாமல் ஓடினார். சுளகு விழுந்து அரிசி தரையெல்லாம் சிதறியது. அம்மா அதை மிதித்துக்கொண்டு ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன்.

தேயிலைச் செடிகளுக்கிடையே ஒற்றையடிப் பாதை ரயில் பாதைக்கு ஏறும். நாங்கள் மேலே வந்து சேர்ந்தபோது எஞ்சின் கீழ் வளைவைக் கடந்து மெதுவாக, பெருமூச்சு விட்டு ஏறிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது அப்பா.

எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் அப்பா எஞ்சினிலிருந்து எண்ணெய்த் துணியை ஆட்டுவார். வீட்டு வாசலில் நின்று நாங்களும் கையை ஆட்டுவோம். அன்று நாங்கள் பாதையோரத்திலேயே நிற்பதைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி, "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்பா துணியை முன்னெப்போதையும்விடப் பெரிதாக ஆட்டினார். பிறகு குனிந்து கரி அள்ளினார். குகை வாசலில் விசில் ஊதியது. எஞ்சின் உள்ளே போனது. ஒன்றன்பின் ஒன்றாக வேகன்களும் போயின.

அம்மா என் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. குகையின் வாயிலிருந்து புகை சுருண்டு சுருண்டு வந்தது. மாமா சட்டையைக் கழற்றி மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதற்குள் நுழைந்தார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் பாடுபட்டுச் செய்த வேகன் உடைந்திருக்குமே என்றுதான் அழுதேன். தங்கச்சிக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எதற்காக இவ்வளவு நடுக்கம் என்று நான் ஆச்சரியப்பட்டேன். மாடத்துக்குள் நின்றால் ஒன்றும் ஆகாது என்று அப்பாவே சொல்லியிருக்கிறாரே.

புகைக்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது. பிறகு மாமா வந்தார். அவர் தோளில் சாக்குக் கொங்காணியோடு ஒரு கறுப்பு உருவம். கண்களும் பற்களும் மட்டும் வெள்ளை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் வேகனைப் பிடித்திருந்தாள். வலது கை தொங்கியது.

"ஒரு பக்கந்தான் புடிச்சிருக்கு மாமா. மத்தப் பக்கத்துக்கு எறங்குற கோச்சி இருக்குல்ல?"

மாமா அவளை இறக்கிவிட்டுத் தண்டவாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். அம்மா தங்கச்சியை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போய் மாமாவின் கன்னத்தில் அறைந்தாள். மாமா மறு கன்னத்தையும் விலக்காமல் இருந்தார்.

தங்கச்சியின் வலது மணிக்கட்டுக்கு மேலே முட்டைபோல வீங்கியிருந்தது.

"வேகன வெளிய நீட்டுனேன். என்னமோ வந்து கையில அடிச்சுது. உள்ள வந்துட்டேன்" என்றாள். சுவரில் இடித்திருப்பாள் என்றார் மாமா. வீட்டுக்கு வந்து அம்மா அவளைக் குளிப்பாட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னாள்: "அவர்கிட்ட நாந்தான் சொல்லுவேன். வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

வேகன் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஆனால் அந்த ஒரு பக்கத்தில் கறுப்பு, படத்தில் இருந்ததுபோலவே கூரையிலிருந்து வழிந்திருந்தது. நான் படத்தையும் வேகனையும் மாறி மாறிப் பார்த்தேன். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கச்சி இவ்வளவு சரியாகச் செய்துவந்ததை ஒருவரும் பாராட்டவில்லையே என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

மறுநாள் காலையில் மாமா கண்டிக்குப் போகவில்லை. அப்பாவுக்காகக் காத்திருந்தார். அம்மா குசினிக்குள் நின்று தனக்குத்தானே ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்தபோது மிகுந்த உற்சாகமாக இருந்தார். மேலேயிருந்து எங்களுக்குப் பேரிக்காய் கொண்டுவந்திருந்தார்.

"நேத்து எனக்கு ராஜ மரியாத! வீடே லைனுக்கு வந்து நின்னுச்சே! சின்னவள மட்டும் காணோம். எங்க அவ?"

"தூங்குறா" என்றாள் அம்மா. பிறகு, "ஒரு விஷயம் சொல்லணுங்க" என்று தொடங்கினாள்.

"இரு, இதக் கேளு மொதல்ல" என்று அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒங்களப் பாத்துட்டுக் கொகைக்குள்ள போறோம். அடுப்பக் கதவத் தொறக்குறேன். அந்த வெளிச்சத்துல பாத்தா, மாடத்துக்குள்ள ஒரு கொரங்கு! எங்கேயோ திருடுன பாண் ஒன்ன வச்சுக்கிட்டு, கைய நல்லா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. பின்னால வர்ற பெட்டிக் கம்பி பட்டா கையோட ஆளையும் இழுத்துட்டுப் போயிரும். பாவமா இருந்துச்சு. ஒரு கரிக்கட்டிய எடுத்து விட்டேன் பாரு, கையிலேயே பட்டுச்சு! சட்டுனு உள்ள போயிருச்சு."

என் தங்கச்சியை அப்பா குரங்கு என்று சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய வேடிக்கையை நான் கேட்டதில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பாவும் என்னோடு சேர்ந்து சிரித்தார். அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். சொல்ல வந்த விஷயத்தை அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கையைப் பற்றி அப்பா கேட்டபோது விழுந்துவிட்டாள் என்றாள்.

ஓய்வுபெறும்வரை அப்பா அந்தக் குகைக்குள் போய் வந்துகொண்டிருந்தார். குரங்குக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொன்னார். அவர் தொடங்கியதும் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். ஏன் போகிறாள் என்பது, எனக்குப் பிள்ளை பிறந்து அது நடக்கத் தொடங்கும்வரை எனக்குப் புரியவில்லை.

அந்தக் காலையில் அப்பா பேரிக்காய் ஒன்றைத் துடைத்து என்னிடம் தந்தார். அப்போது அவர் பார்வை ஜன்னல் பக்கம் போனது. எழுந்து போய் வேகனைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்த பக்கத்தை விரலால் தடவி, அந்த விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு மாமாவைத் தேடித் திரும்பி, மனம் நிறைந்து கேட்டார்:

"அட மச்சான், அசல் கொகைக் கறுப்பு! இத எப்படிய்யா கொண்டுவந்த?"