வராத படத்தின் பாட்டு

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. ஊர், நேரம், காற்றின் திசை, பாடிய பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே படத்தின் பெயர். கிதாரும் ஒற்றை மைக்குமாகத் தனியாகப் பாடப் போன நாளிலிருந்து இப்படித்தான் எழுதி வருகிறேன். காற்றையும் எழுதக் காரணம் இருக்கிறது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்று குழாய் ஸ்பீக்கரின் ஓசையை அள்ளிக்கொண்டு போய்விடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காத வரி, இரண்டு வயல் தள்ளித் திராட்சைப் பந்தலுக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்து விசேஷங்களில் பாட்டுக் கேட்பவர்கள் துண்டுச்சீட்டில்தான் கேட்பார்கள். முதலில் படத்தின் பெயர், அதன் கீழே பாட்டு. படம் இல்லாமல் பாட்டு இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. மலையடிவாரத்து லோயர் கேம்பில் கால்வாய் ஓரம், தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தபடி நடந்தபோது பாதித் தூக்கத்தில்போல வந்த பாட்டு:

மலையெறங்கி வந்த தண்ணி, ஒன்ன
எந்த ஊருன்னு யாரும் கேக்கல.

தொண்ணூற்றொன்பதில் குச்சனூரில் ஒரு காதுகுத்து. முதல் பந்தி முடிந்து எல்லோரும் கிறக்கமாக இருந்த நேரத்தில் அதைப் பாடினேன். குழந்தையின் தாய்மாமன் மேடைக்கு வந்தார்.

"அண்ணே, அருமை. எந்தப் படம்?"

நானே எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பாட்டின் மதிப்பு போய்விடுமோ என்று பயம்.

"படம் இன்னும் வரல," என்றேன்.

அவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "கேட்டுக்கங்கப்பா, வராத படத்துப் பாட்டு! நம்ம ஊர்லதான் மொத மொதல்ல பாடியிருக்காக!"

குறிப்பேட்டிலும் 'வராத படம்' என்றே எழுதினேன். மூன்று வருடம் அதே பெயரில் சீட்டுகள் வந்தன. தேனியில் கேசட் கடைக்காரர் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏங்க, இல்லாத கேசட்ட எத்தன பேரு வந்து கேப்பாக? அது என்ன படந்தான்?" சிரித்து மழுப்பினேன். ஒவ்வொரு முறை பாடும்போதும் பாட்டு என்னைவிட்டு ஓர் அடி தள்ளிப் போய் நின்றது. இனியும் விட்டால் அது என்னுடையதாக இருக்காது என்று தோன்றியது.

மயிலாடும்பாறையில் ஒரு கல்யாணம். மாலை வெயில் பந்தல் துணியில் மஞ்சளாகக் கசிந்தது. முதல் சீட்டே 'வராத படம்'. கையெழுத்து யாருடையது என்று பார்த்தால், முன்வரிசையில் அதே குச்சனூர் தாய்மாமன்.

மைக்கில் சொன்னேன்: "இது நான் எழுதுன பாட்டு. படம் எதுவும் கிடையாது. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

தாய்மாமன் பரிவாகக் கேட்டார்: "அப்ப படம் பாதியில நின்னுபோச்சாண்ணே? மனசு விட்டுராதீக. வேற படத்துல போட்டுக்குவாக."

பந்தலே எனக்காக உச்சுக்கொட்டியது.

மணப்பெண்ணின் அத்தை மட்டும் விடவில்லை. எழுந்து நின்றார். "உங்க பாட்டுன்னா ஒண்ணு கேக்குறேன். லோயர் கேம்ப்ல எறங்குற தண்ணி கம்பம், சின்னமனூருன்னு போயிருது. எங்க ஊருக்கு ஒரு சொட்டு வந்ததில்ல. நீங்க எழுதுனதுதான? இங்கன திருப்பிவிடுங்க பாப்போம்!"

"அப்படிக் கேளு ஆத்தா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கிதாரில் அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தேன். கண்ணை மூடினால் கால்வாய் தெரிந்தது. தண்ணீர் வழக்கமான வளைவில் திரும்பாமல், வறண்ட மேட்டில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

வாய்க்கா வெட்டாத ஊருக்கும் தண்ணி
வழி கேட்டு வந்துச்சு,
கல்யாணப் பந்தக்கால நனைச்சு
கால்மாட்டுல நின்னுச்சு.

யாரும் கைதட்டவில்லை. அத்தை குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு சேலைக் கொசுவத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிக்கொண்டார்.

"நனையுதுங்க," என்றார். "உங்க பாட்டுதான்."

குறிப்பேட்டில் நான் எதையும் அடிப்பதில்லை. பழைய பக்கங்களில் 'வராத படம்' அப்படியே இருக்கிறது. மயிலாடும்பாறைக்கான பக்கத்தில், படத்தின் பெயர் எழுதும் இடத்தில் என் பெயர். காற்று மேற்கிலிருந்து. அதன் கீழே ஒரு வரி: 'ஒருவர் சேலையைத் தூக்கிக்கொண்டார்.'