ஒரே மலையில் இரண்டு நேர்த்தி

என் வலது பாதம் எட்டு மாதம் செத்துக் கிடந்தது. போன வருடம் ஆனி மாதம், ஜெர்மனியில் ஓர் ஆட்டத்தில் இரண்டு பேர் என் முழங்கால்மேல் விழுந்தார்கள். வலி உடனே வரவில்லை. மல்லாந்து கிடந்து, ஒரு மேகம் ஆறுதலாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலைச் சரி செய்யலாம், பாதத்துக்குப் போகிற நரம்புதான் சந்தேகம் என்றார் டாக்டர். விரல் அசைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் தொழிலைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். அமெரிக்கன் ஃபுட்பாலில் நான் ஒஃபென்சிவ் லைன்மேன். பதினொரு வருடம் விளையாடியும் பந்தைத் தொட்டது இரண்டு தரம், அதுவும் தவறுதலாக. பந்து எறிகிறவனை விழுத்த எதிரணியார் பாய்ந்து வருவார்கள். அவனுக்கு முன்னால் நின்று அந்த அடியை நான் வாங்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. வன்னியிலிருந்து பத்து வயதில் இத்தாலிக்கு வந்தவன் நான், இப்போது நூற்று முப்பது கிலோ. கல்யாண வீடுகளில் என் தட்டைப் பார்த்துப் பகிடி பண்ணுவார்கள். இந்த உடம்புக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் மைதானம். அதுவும் போயிற்று.

இத்தாலிக்குத் திரும்பி, பலெர்மோ நகரத்து வீட்டில் கட்டிலே கதியென்று கிடந்தேன். மருந்து மயக்கத்தில் பகலும் கனவும் ஒன்றோடொன்று கலந்தன. கீழே பல்லரோச் சந்தையில் மீன்காரர் கூவுவது தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்கும். என் மனைவி தர்சினி ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மணி வீட்டில் வேலை செய்துவிட்டு வந்து, என் பாதத்தைப் பிடித்துவிடுவாள். அவள் கை படுவதே எனக்குத் தெரியாது. அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

நாங்கள் சைவக்காரர். ஆனாலும் ஞாயிறு காலையில் பெல்லெகிரீனோ மலையேறி, குகைக்குள் இருக்கும் கத்தோலிக்கப் புனிதையைக் கும்பிடுவது இங்கே எங்கள் சனத்தின் வழக்கம். மலையம்மா என்போம். தர்சினி வெறுங்காலோடு ஏறுவாள். நான் ஊன்றுகோலோடு அடிவாரத்து வாங்குப் பலகையில் இருந்து கேட்பேன். "அம்மா, என்னைத் திரும்ப மைதானத்தில் நிற்க வை. உன்ர படியெல்லாம் முழங்காலில் ஏறுறன்."

மாசி மாதம் ஒரு ஞாயிறு. மலை பாதி முகிலுக்குள் இருந்தது. சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்றி, பாதத்தை வெயிலில் வைத்திருந்தேன். பெருவிரல் அசைந்தது. கனவு என்றுதான் நினைத்தேன். இன்னொரு தரம் அசைந்தது. பழம் கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை.

தர்சினி இறங்கி வந்ததும் காட்டினேன். நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். அழுகை நிற்கவேயில்லை.

"இஞ்சேருங்கோ, கோவிக்காதேங்கோ. விரல் அசைஞ்சால் உங்களை இனி விளையாட விடமாட்டன் எண்டு அம்மாவுக்கு நேர்ந்துபோட்டன்."

"என்ர விளையாட்டை நேர நீர் ஆர்?"

"அண்டைக்கு டிவியில நீங்கள் எழும்பேல்லை. நான்தானே பாத்துக்கொண்டிருந்தனான்."

எங்கள் வீடுகளில் இப்படி நேர்த்திக்கடன் வைப்பது நடக்கும். பிள்ளையின் முடியை நேர்வோம், புருஷனின் கள்ளை நேர்வோம், ஆளைக் கேட்பதில்லை. பங்குனியில் ஜெர்மனியிலிருந்து என் அணிப் பயிற்சியாளர் அழைத்தார். கால் தேறினால் இன்னொரு பருவம் விளையாடலாம் என்றார். நான் தர்சினியோடு கதைப்பதை நிறுத்தினேன். செய்த நேர்த்தியை முறித்தால் குற்றம், அது நேர்ந்தவரின் தலையில்தான் விழும் என்பது எங்கள் நம்பிக்கை. அது தெரிந்தும் போகவே நினைத்தேன். அப்படியொரு வெறி.

சித்திரையில், கால் ஓரளவு தேறியதும், இருவருமாக மலையேறினோம். மூன்று மணித்தியாலம் எடுத்தது. கடல் கீழே கீழே போனது. அவள் முன்னே, நான் பின்னே. குகைக்குள் குளிர். பாறையில் கசிகிற தண்ணீரைத் தகரப் பீலிக் குழாய்கள் ஏந்திக்கொண்டு போகும். அந்தச் சொட்டுச் சத்தத்தில் காலம் நின்றுவிட்டதுபோல் இருந்தது. அவளுடைய நேர்த்தியைத் தள்ளிவிடு என்று கேட்க வாய் திறந்தேன். பக்கத்தில் அவளுடைய குரல் கேட்டது.

"அம்மா, அவர் போகட்டும். சொன்ன சொல்லை நான்தான் முறிக்கிறன். குற்றத்தை என்ர தலையில போடு. அவற்ர காலைத் தொடாதை."

பதினொரு வருடம் நான் செய்த வேலையை, என்னில் பாதி நிறைகூட இல்லாத இவள் எனக்காகச் செய்துகொண்டிருந்தாள். வருகிற அடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"தர்சினி, நான் போகேல்லை."

"பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"சொல்லுவன். இடைக்கிடை சொல்லுவன்."

குகைக்குள் சிரித்துவிட்டோம். ஒரு கிழவி திரும்பி முறைத்தாள்.

இப்போது சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். பொய் சொல்லமாட்டேன், ஆட்டம் பார்த்தால் தோள் தன்பாட்டில் முன்னே போகும். மனம் வலிக்கும். ஆனால் காலை எழுந்ததும் பத்து விரலையும் அசைத்துப் பார்த்து, அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் கட்டிலால் இறங்குவேன்.

உறவுகளே, உங்களுக்கும் அசையாத ஒன்று இருக்கும். பயப்படாமல் கேளுங்கள், அம்மா கேட்பாள். கேட்டு முடித்ததும் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்களுக்காக என்ன கேட்கிறார் என்று காது கொடுங்கள். எனக்கான பதில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.