வலிக்காத நெறி

எங்கள் பக்கத்தில் நெறி கட்டுவதை யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் கட்டும். கையில் காயம் பட்டால் அக்குளில் கட்டும். சொத்தைப் பல் என்றால் தாடைக்குக் கீழே. நெறி கட்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எதிரே இருப்பவர் பதற மாட்டார். “காயம் எங்க?” என்று கேட்பார். காயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் விசாரணை முடிந்தது. புண் ஆறினால் நெறி தானாகக் கரையும். ஆடு மேய்க்கிறவர் முதல் கண்டக்டர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. இதில் தப்பு ஒன்றும் கிடையாது. தப்பாக இருந்திருந்தால் நாங்கள் இதை இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம், என் அத்தையும் பிழைத்திருப்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாமா புரோட்டா கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முழுப் பரீட்சை லீவு விட்டதும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி அங்கே போய் இறங்கிவிடுவேன். எனக்கு அங்கே ராஜ உபசாரம். கேட்காமலேயே முட்டை புரோட்டா வரும்.

அந்தக் கடைக்கு வேண்டிய வெங்காயம் முழுவதையும் நறுக்குவது அத்தைதான். கூடை கூடையாக வரும். வலது கையில் கத்தி, இடது கையில் வெங்காயம், வாயில் ஊர்க்கதை. அதனால் இடது கை விரல்களில் எப்போதும் ஏதாவது ஒரு வெட்டுக்காயம் இருக்கும். ஒரு துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுப்பாள். கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் அத்தையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டிருப்பார்கள் என்று மாமா கேலி செய்வார்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த லீவில், விறகுக்காகக் கொல்லையில் இறக்கியிருந்த சீமைக் கருவேல முள் ஒன்று என் குதிகாலில் ஏறி முறிந்துவிட்டது. செருப்புப் போடாமல் போனதற்கு ஏச்சு விழும் என்று யாரிடமும் சொல்லவில்லை. முள் சும்மா இருக்குமா? காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெல்லிக்காய் மாதிரி ஒன்று திரண்டது. எங்கே வலிக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்க எழுந்த நான் விந்தி நடப்பதை அத்தை பார்த்துவிட்டாள். அவளுக்கு ஒரு பார்வை போதும்.

“எந்தக் கால்லடி முள்ளு?”

ஊக்கை வைத்து முள்ளை நெம்பி எடுத்தாள். அப்புறம் உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு ஒத்தடம் கொடுக்க வந்தாள். நான் பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில், கடையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

“தென்ன மரத்துல தேள் கொட்டுனா பன மரத்துல நெறி கட்டுமாம். முள்ளு குத்துனது குதியில, கத்துறது தொண்டையிலயா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அத்தை கதவைச் சாத்தினாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, இடது அக்குளைக் காட்டினாள்.

“இந்தா பாரு, எனக்குந்தான் கட்டியிருக்கு. இதுல என்னடி வெக்கம்? தொட்டுப் பாரு.”

தொட்டேன். என்னுடையது சூடாக இருந்தது, விரல் பட்டாலே உயிர் போனது. அத்தையுடையது கொட்டைப் பாக்கு மாதிரி கெட்டியாக, அசையாமல் இருந்தது.

“வலிக்கலையா அத்தே?”

“இம்புட்டுக்கூட வலிக்கல.”

“எம்புட்டு நாளா இருக்கு?”

“அது கெடக்கு, பொங்கலுக்கு முந்தியே பிடிச்சு. ஒரு காயம் ஆறுறதுக்குள்ள அடுத்தது பட்டுருது. அப்புறம் நெறி எப்படிக் கரையும்?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய நெறியை வைத்துக்கொண்டு இவள் கூடை வெங்காயம் நறுக்குகிறாள், நான் ஊரைக் கூட்டுகிறேன். பாவாடையை விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்தடத்தை வாங்கிக்கொண்டேன். சில நாளில் என் நெறி கரைந்தது. நான் பழையபடி கொல்லையில் ஓடினேன், இந்தத் தடவை செருப்போடு.

ஊருக்குத் திரும்பியதும் இதை ஒரு வீரக் கதையாக அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்கக்கா அப்பவே அப்படித்தான். கெணத்துல விழுந்து கை முறிஞ்சப்பவும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல” என்றார். அம்மா மட்டும், “கையில காயம் இருக்குல்ல?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்படியானால் சரி என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

காயம் ஆறட்டும் என்று மாமா பின்னொரு நாள் வெங்காயம் நறுக்க வேறு ஆள் வைத்தார். அத்தையின் விரல்கள் கல்யாணப் பெண்ணின் விரல்கள் மாதிரி சுத்தமாயின. நெறி மட்டும் கரையவில்லை, பெருத்தது. அதற்குள் கையும் வீங்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கட்டி முதலில் வந்த இடம் மார்பு என்றார்கள். அக்குளுக்குப் பிறகு நுரையீரலுக்கும் போய்விட்டது. “மார்லதான் முதல்ல தட்டுப்பட்டுச்சு, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்” என்று அத்தை அம்மாவிடம் சொன்னாளாம். அடுத்த முழுப் பரீட்சை லீவுக்கு ஆரப்பாளையத்தில் அத்தை இல்லை.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறேன். நிணநீர் மண்டலம் பாடம் வரும்போது கரும்பலகையில் ஓர் உடம்பு வரைவேன். நெறி என்பது நிணநீர் முடிச்சு. காயத்திலிருந்து கிருமி உள்ளே நுழைந்தால் வழியிலிருக்கும் முடிச்சில் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூடிச் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையின் வீக்கமும் சூடும் வலியும்தான் என் தொடையிடுக்கில் இருந்தவை. உடம்பு எனக்காகக் கத்திக்கொண்டிருந்தது. அக்குள் முடிச்சுக்குக் கையிலிருந்து ஒரு வழி வருகிறது, மார்பிலிருந்து இன்னொரு வழி வருகிறது. எங்கள் வீட்டில் கைவழி எல்லோருக்கும் தெரியும். மற்ற வழியைப் பெண்கள்கூடத் தங்களுக்குள் வாய்விட்டுச் சொன்னதில்லை. வலியில்லாமல் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் அதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறேன். என் கூச்சத்தைப் போக்கத்தான் அத்தை தன் அக்குளைக் காட்டினாள். அவளுடைய கூச்சத்தைப் போக்க அந்த வீட்டில் யாரும் இல்லாமல் போனோமே என்று இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

முள் குத்திய அந்த லீவு முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிய அன்று அத்தை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “அத்தே, இனிமே நானும் ஒன்ன மாதிரி கத்தாம இருக்கப் பழகிக்கிறேன்” என்றேன். அவள் மெச்சிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் அவள் கையை வைத்தாள்.

“வேணாம்டி. வலிச்சா கத்தீரு. நாலு பேருக்குக் கேக்குற மாதிரி கத்து” என்றாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுமூஞ்சி என்று எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பியபோது கோபத்தில் நான் அவளுக்குக் கை காட்டவில்லை.