வீராயி சொன்னதும் நான் சொன்னதும்

நம் ஊரில் ஒரு வீட்டுப் பெண்ணின் பெயரை அயலான் ஒருவன் உரக்கச் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கு ஊரே இரண்டுபடும். இங்கே தினமும் கிழக்கு வெளுப்பதற்குள் ஒரு வெள்ளைக்காரர் நம் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதற்குப் பிரட்டு என்று பெயர். ரப்பர்ப் பால்மரத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வரிசையாக நிற்க, துரை ஆட்களின் பெயர் பதிந்த செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அஞ்சலை, முத்தம்மா, வீராயி. "இருக்கேன் ஐயா" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பால் வெட்ட நடப்பாள். இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய தாய் என்கிற பேச்சே கிடையாது. சம்பளமும் அவளவள் கையில்தான். வந்த புதிதில் எனக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மலாக்காவில் ரெம்பியாவுக்குப் பக்கத்திலுள்ள இந்தத் தோட்டத்துக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் பிரட்டு நேரத்தில் தலையைக் குனிந்துகொள்கிறேன். காரணம் மட்டும் வேறு.

நான் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மத்தியானத்துக்கு மேல் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணிக்கு எழுத்து வேலையில் ஒத்தாசை. லால்குடிப் பக்கம் எட்டாவது வரை படித்தபோது தட்டுத்தடுமாறிக் கற்ற இங்கிலீஷ், இங்கே எனக்குப் பெரிய மனிதன் என்ற பேரை வாங்கிக் கொடுத்தது. அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை, நாலு வகுப்பு, நான் ஒருவன். பையன்கள் வருவார்கள். பெண் குழந்தைகளோ, தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொள்ளப் பலம் வந்ததும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் போவார்கள். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் புல்வெட்டுக்குப் போவார்கள். விடாமல் வந்தவர்கள் இரண்டே பெண்கள். ஒருத்தி என் மகள் சரசு. இன்னொருத்தி வீராயியின் மகள் செல்லம்மா. தகப்பன் காய்ச்சலில் போன பிறகும் வீராயி தன் மகளை நிறுத்தவில்லை. சரசு சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் செய்வாள். செல்லம்மா ரப்பர் கொட்டைகளைத் தரையில் பரப்பி, நான் சொல்லிக் கொடுக்காத வாய்ப்பாட்டைத் தானே கண்டுபிடிப்பாள். அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் எரிச்சலும் வரும். அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் சீமையிலிருந்து ஒரு இளம் துரைசானி வந்தார். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர் என்று துரை சொன்னதும், ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் புண் வந்த காலையும் கட்டி வந்த குழந்தையையும் காட்டப் பள்ளிக்கூட வாசலில் கூடிவிட்டார்கள். அவர் வைத்தியர் இல்லை, சரித்திரம் படிக்கிறவர் என்று நான் எடுத்துச் சொன்னதும், "மருந்து குடுக்காத டாக்டரம்மா எதுக்கு?" என்று முனகிக்கொண்டே கலைந்தார்கள். ஒரு தேசத்தில் பெண்கள் படித்ததாலும் படிக்காமல் போனதாலும் அந்தத் தேசத்தின் செல்வம் எப்படி வளர்ந்தது, எப்படித் தேய்ந்தது என்று பழைய காலம் தொட்டு ஆராய்கிறாராம். நம் பெண்கள் ஆணுக்குச் சமமாக உழைத்துச் சம்பாதிக்கும் இந்தத் தோட்டத்தில் அவர்களுடைய பெண் குழந்தைகள் ஏன் படிப்பதில்லை என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

மூன்று நாள் நான்தான் அவருக்கு மொழிபெயர்த்தேன். மூன்றாம் நாள், மலாக்கா டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூட விடுதியில் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இடம் கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னார். செல்லம்மாவின் சிலேட்டைப் பார்த்திருந்தார். வீராயியை அழைத்து, மகளை அனுப்புவாளா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பால் கறை படிந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் துரைசானியைப் பார்த்தே வீராயி பேசினாள்.

"கூட்டிட்டுப் போகட்டும் வாத்தியாரய்யா. அவளுக்கும் சேத்து நானே வெட்டிக்கிறேன். தெனமும் துரை எம்பேர வாசிக்கிறாரு, நானும் இருக்கேங்குறேன். அந்தப் பொஸ்தகத்துல எது எம்பேருன்னு எனக்குத் தெரியாது. எம்மவளுக்காவது தெரியட்டும். இதை அப்படியே சொல்லுங்க."

முன் பெஞ்சியில் சரசு உட்கார்ந்திருந்தாள். நான் வெகுநேரம் யோசித்துவிடவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன். வீட்டில் ஒத்தாசைக்கு மகள் வேண்டுமாம், அனுப்பச் சம்மதமில்லையாம் என்று துரைசானியிடம் சொன்னேன். அவருடைய பென்சில் அதை எழுதிக்கொண்டது. வருத்தப்பட்டார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, பெஞ்சியில் இருந்த மற்றொரு பெண்ணைப் பார்த்தார்.

"ஒம்மவளுக்கு வயசு கூடிப்போச்சாம் வீராயி" என்றேன். அவள் தலையாட்டினாள். வீட்டில் என் பெண்சாதி கமலம், "செல்லம்மாவ இல்ல கூட்டிட்டுப் போறதாச் சொன்னாங்க?" என்று கேட்டாள். "அவ ஆத்தா மாட்டேன்னுட்டா" என்றேன். ஒரே நாளில் மூன்று பேருக்கு மூன்று பொய். இங்கிலீஷுக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு.

சரசு புறப்பட்ட அன்று பஸ் ஏற ரெம்பியா ரோட்டு வரை நடக்க வேண்டும். தகரப் பெட்டியைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது வீராயி வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். "நம்ம தோட்டத்துலேருந்து ஒரு பொண்ணு படிக்கப் போவுது, நான் தூக்காம யாரு தூக்குறது?" என்று பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மலாய்க்காரர் குடியிருக்கும் கம்போங்கைத் தாண்டி மெயின் ரோடு வரை முன்னால் நடந்தாள். அவள் நிழலைக் கூட மிதிக்கக் கூசி நான் ஓரமாகவே போனேன்.

அதன் பிறகு ரப்பர் விலை விழுந்தது. கப்பல் கப்பலாக ஆட்களை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். நீயும் வந்துவிடு, நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் எழுதினார். மகள் படிப்பு முடியட்டும் என்று பதில் போட்டேன். அது உண்மைதான், அந்த உண்மையை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. வீராயி மிஞ்சியவர்களோடு இங்கேயே தங்கினாள். செல்லம்மா பள்ளிக்கூடத்தை விட்டுப் புல்வெட்டுக்கும் பிறகு பால்வெட்டுக்கும் போனாள். செக்ரோலில் தாயின் பெயருக்கு அடுத்த வரியில் மகளின் பெயரை எழுதியது நான்தான்.

போன வாரம் சீமை முத்திரையோடு ஒரு பார்சல் வந்தது. துரைசானியின் ஆராய்ச்சி புத்தகமாகிவிட்டது. முதல் பக்கத்தில், உண்மையாக மொழிபெயர்த்து உதவியதற்காக என் பெயரை அச்சிட்டு நன்றி சொல்லியிருக்கிறார். உள்ளே ஒரு வரி: சொந்தமாகச் சம்பாதிக்கும் ஒரு தமிழ்த் தாய்கூட மகளைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை; தோட்டத்துப் பெண்களின் படிப்புக்கு அவர்களுடைய தாய்மாரே தடை. படித்ததும் புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் லயத்தில் எந்தச் செய்தி மறைந்து நிற்கும்? மறுநாளே வேலை முடிந்து வீராயி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். நெற்றி முடி நரைத்திருந்தது.

"நான் சொன்னது அதுல இருக்கா வாத்தியாரய்யா?"

"இருக்கு."

"வாசிங்க."

பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். மகளுக்கும் சேர்த்துத் தானே வெட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதை, பிரட்டுப் புத்தகத்தில் எது தன் பெயர் என்று தெரியாது என்று சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். இத்தனை வருஷத்தில் அதில் ஒரு எழுத்தும் எனக்கு மறக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவளுக்குக் கண் கலங்கியது.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க. வயசு ஒண்ணுதான் தட்டிப்போச்சு" என்றாள். பிறகு, "எம்பேரு எங்க? காட்டுங்க" என்றாள்.

அவள் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முதல் பக்கத்துக்குத் திருப்பி, என் பெயரின் மேல் விரலை வைத்தேன். அவள் அன்றைக்குப் போலவே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து, அந்த எழுத்துகளை முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகத் தடவினாள்.

"இம்புட்டு நீளமா எம்பேரு?" என்று சிரித்தாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களே, வீராயி சொன்னதை அவள் சொன்னபடியே மேலே எழுதியிருக்கிறேன். அது இந்தக் கடிதத்தோடு கப்பலேறி உங்களிடம் வருகிறது. அவள் சொல்லாதது சீமையில் அச்சாகிக் கிடக்கிறது. இரண்டையும் தெரிந்தவன் நான் ஒருவன், இரண்டு கரைக்கும் ஆகாமல் இங்கே இருக்கிறேன். நாளைக்கும் பிரட்டில் வீராயி என்று துரை வாசிப்பார். அடுத்து செல்லம்மா என்பார். இரண்டு பேரும் "இருக்கேன் ஐயா" என்பார்கள்.